முதல் கட்டுரைக்கு வந்த மெயில்: யாழ்ப்பாணத்தில இருந்து மாஸ்டர்ஸ் போன ஒரு பிள்ளையின்ர நிகழ்வு ஆய்வு

ஏன் எழுதுறன்

யாழ்ப்பாணத்தில இருந்து மாஸ்டர்ஸ், பிஎச்டி எண்டு வெளிநாடு போற பிள்ளையளுக்கு அப்ளிகேஷன் வேலையளில நான் கொஞ்ச வருசமா உதவி செய்துகொண்டு வாறன். காசுக்குச் செய்யிறேல்லை, நானும் ஒரு காலத்தில அப்பிடிப் போய்ப் படிச்சு வந்தவன், அந்த நேரம் கேக்கிறதுக்கு ஒரு ஆள் இல்லாமல் நான் பட்ட பாடு ஞாபகம் இருக்கு, அதுதான். இதில வாற பிள்ளை இதை முழுக்க வாசிச்சு, போடலாம் எண்டு சொன்ன பிறகுதான் போடுறன். ஆளை அடையாளம் பிடிக்கக்கூடிய விசயங்கள் சிலதை மாத்தியிருக்கிறன், யுனிவர்சிட்டியின்ர பேரும் சொல்லேல்லை. நடந்தது எல்லாம் நடந்தபடி. இதில என்ர பிழையும் ரெண்டு இருக்கு, அதையும் மறைக்காமல் எழுதுறன்.

பின்னணி

பிள்ளையின்ரது வலிகாமத்துப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம். அப்பா வெங்காயமும் புகையிலையும் செய்யிறவர், அண்ணா கொழும்பில வேலை. அவ ஏ.எல் (கம்பஸுக்கு எடுபட எழுதுற உயர்தரச் சோதினை) பயோ செய்து யாழ்ப்பாணக் கம்பஸில டிகிரி முடிச்சவ. கடைசி வருச புறொஜெக்டுக்கு தன்ர ஊர்க் கிணறுகளில தண்ணி எடுத்து நைட்ரேட் அளந்தவ. இதை ஞாபகத்தில வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை, குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணறுதான். கீழ சுண்ணாம்புக் கல், அதில வெடிப்பும் பொந்தும், மேல மெல்லிசாச் செம்மண். வெங்காயத்துக்குப் போடுற யூரியாவும் மலசலகூடக் குழியில இருந்து ஊறுறதும் அந்த வெடிப்புக்குள்ளால கெதியா இறங்கி நைட்ரேட்டாகக் கிணத்துக்கு வந்திடும். இதைப் புத்தகத்தில படிக்க முதலே கண்ணால கண்டு வளந்த பிள்ளை அவ.

2022 இல ரூபா விழுந்ததுக்குப் பிறகு பீஸ் கணக்குப் பாத்தால் வீட்டில எல்லாருக்கும் தலை சுத்தினது. கடைசியில ஒரு துண்டுக் காணியை ஈடு வைச்சு, அம்மாவின்ர நகையை பேங்கில அடைவு வைச்சு, அண்ணா லோன் எடுத்து, ஒருமாதிரிக் காசு சேந்தது. விசாவுக்கு அந்தக் காசு 28 நாள் குறையாமல் அக்கவுண்டில கிடக்க வேணும், அந்த 28 நாளும் வீட்டில ஒருத்தரும் வடிவா நித்திரை கொள்ளேல்லை எண்டு அம்மா எனக்குச் சொன்னவ. 2023 செப்டம்பரில இங்கிலாந்தில ஒரு வருச மாஸ்டர்ஸ், தண்ணி, சுற்றாடல் சம்பந்தமான பாடம்.

இதில என்ர முதல் பிழை. யுனிவர்சிட்டிக்கு அனுப்புற தன்விளக்கக் கடிதத்தை அவ தானே எழுதிக் கொண்டுவந்தவ. முதல் வரி, எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி போட்டால் கொஞ்ச நேரத்தில மேல மெல்லிசா ஒரு படலம் கட்டும், அது ஏன் எண்டு சின்ன வயசில அம்மாவைக் கேட்டனான் எண்டு இருந்தது. நான் அதை வெட்டிப்போட்டு, நிலைபேறான நீர்வள முகாமைத்துவம் எண்டு பெரிய சொல்லுகள் போட்டு, கிட்டத்தட்ட முழுக் கடிதத்தையும் என்ர இங்கிலீசில திருப்பி எழுதிக் குடுத்தன். அவவுக்குச் சரியான சந்தோசம், எனக்கும்தான். ஆனா அண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக் குடுத்தது என்ன எண்டு பாத்தால், உன்ர வசனம் அங்க காணாது, வேற ஆளின்ர வசனம்தான் போகும் எண்டதைத்தான்.

முதல் பத்துக் கிழமை

போய் ரெண்டு கிழமையில கோல் எடுத்தவ. குளிர், சாப்பாடு, வாடகை எல்லாம் கதைச்சுப்போட்டு, செமினார் வகுப்பில தான் வாயே திறக்கிறேல்லை எண்டா. ஒரு நாள் லெக்சரர் சுண்ணாம்புக் கல் நிலத்தில மாசு எவ்வளவு வேகமாகப் போகும், ஆராவது அனுபவத்தில கண்டிருக்கிறீங்களோ எண்டு பொதுவாகக் கேட்டிருக்கிறார். இவவின்ர ஊரே அதுதான். ஆனா கையை உயத்தேல்லை. ஏன் எண்டு கேட்டன்.

"என்னைக் கேட்டால்தானே அண்ணா சொல்லலாம். நானா எழும்பிச் சொன்னால் பெரிய ஆளாட்டம் இருக்குமே."

இது அவவின்ர குறை எண்டு நான் சொல்லமாட்டன். பள்ளிக்கூடத்திலயும் ரியூட்டரியிலயும் ரீச்சர் பேர் சொல்லிக் கேக்காமல் வாய் திறந்தால் அது வாய்க்காரப் பிள்ளை, அப்பிடித்தான் எங்களை வளத்தவை. அங்க செமினாரில வாய் திறக்காத பிள்ளையை, வாசிக்காமல் வந்த பிள்ளை எண்டு நினைக்கினம். அந்த லெக்சரர் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னவர், இவவுக்கு அது வாயில வரேல்லை, மெயில் எல்லாம் மரியாதைக்குரிய சேர் எண்டுதான் போனது, பிறகு அப்பிடி எழுதவும் வெக்கம் எண்டு மெயில் எழுதுறதையே குறைச்சுப்போட்டா.

அடுத்தது மார்க்ஸ். ஒரு சின்ன டெஸ்டுக்கு 58 வந்து அழுதுபோட்டா. எங்கட ஏ.எல் கணக்கில A எண்டால் 75, 58 எண்டால் வெறும் C. அங்க மாஸ்டர்ஸுக்கு அனேகமான இடங்களில 50 பாஸ், 60 மெரிட், 70 எண்டால் டிஸ்டிங்ஷன், 80க்கு மேல வாறது அருமை. இதைப் போக முதலே ஆராவது அவவுக்குச் சொல்லியிருக்க வேணும், நான் சொல்லேல்லை. அந்த 58க்குப் பிறகு அவ எடுத்த முடிவு என்னெண்டால், என்ர இங்கிலீஸ் சரியில்லை, ஆய்வுப் பேப்பர்களில இருக்கிற இங்கிலீஸ் மாதிரி எழுதினால்தான் மார்க்ஸ் வரும் எண்டது.

இதுக்குள்ள சனி ஞாயிறில ஒரு வெயர்ஹவுஸில வேலை. ஸ்டூடண்ட் விசாவில டேர்ம் நேரம் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல செய்யேலாது, அவ அதைத் தாண்டேல்லை. ஆனா அந்த 20க்கு மேல போக்குவரத்து, அலுப்பு எல்லாம் இருக்கு. கட்டுரை எழுத வேண்டிய மூண்டு கிழமை அப்பிடியே கரைஞ்சு போனது.

மெயில் வருது

முதல் பெரிய கட்டுரை 2,500 சொல்லு. நவம்பர் கடைசியில குடுத்தவ. சில நாளில ஒரு மெயில் வந்தது, உங்கட கட்டுரையின்ர கல்வி நேர்மை பற்றிக் கதைக்க ஒரு கூட்டம் இருக்கு, வேணுமெண்டால் ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வரலாம், இந்த நேரம் சரியோ எண்டு பதில் போடுங்கோ எண்டு.

அவ அதை வாசிச்சுப்போட்டு லாப்டொப்பை மூடினவ. 9 நாள் பதில் போடேல்லை. கம்பஸால கலைச்சுப்போடுவாங்கள், விசா போயிடும், காணி போயிடும், நகை போயிடும் எண்டு அவவின்ர மனசு ஒரே ஓட்டமா அங்க போய் நிண்டிட்டுது. வகுப்புக்கும் போகேல்லை. வகுப்புக்குப் போகாததுதான் உண்மையில விசாவுக்குப் பிரச்சினை, ஏனெண்டால் ஸ்டூடண்ட் விசாவில வாற பிள்ளையள் ஒழுங்கா வருகினமோ எண்டு யுனிவர்சிட்டி பாத்துக்கொண்டு இருக்க வேண்டிய பொறுப்பு இருக்கு. பயந்த விசயத்தை விட, பயத்தில செய்த விசயம்தான் ஆபத்தா வந்தது.

9ம் நாள் எனக்குக் கோல் வந்தது. எங்களுக்கு விடியக்காலமை நாலரை, அவவுக்கு ராத்திரி 11 மணி. எடுத்த உடனே "அண்ணா நான் களவெடுக்கேல்லை" எண்டா. என்ன எண்டே விளங்கேல்லை எனக்கு.

நான் கண்டது

ஸ்கிரீனை ஷேர் பண்ணச் சொல்லி டேர்னிட்டின் (கட்டுரையில எந்த வசனம் வேற ஆக்களின்ர எழுத்தோட பொருந்துது எண்டு காட்டுற சொஃப்ட்வெயர்) ரிப்போர்ட்டைப் பாத்தன். 41 வீதம் பொருந்துது எண்டு காட்டினது. இந்த வீதம் தீர்ப்பு மாதிரி எண்டு கனபேர் நினைக்கினம், அப்பிடி இல்லை. விலக்கச் சொல்லி வைக்காட்டில், ரெஃபரன்ஸ் பட்டியல், மேற்கோள் குறிக்குள்ள இருக்கிற வசனம் எல்லாத்தையும் கூட அது எண்ணும், 30 வீதம் வந்தும் ஒரு பிழையும் இல்லாத கட்டுரை இருக்கு, 10 வீதத்தில முழுக் களவும் இருக்கலாம். எந்த இடம் நிறம் பிடிச்சிருக்கு எண்டதைத்தான் பாக்க வேணும். இவவின்ரதில பந்தி பந்தியா நிறம். ஒரு வசனம் சிவப்பு, அடுத்தது மஞ்சள், அதுக்கு அடுத்தது நீலம், ஒவ்வொண்டும் ஒவ்வொரு பேப்பர். ஆனா ஒவ்வொரு வசனத்தின்ர முடிவிலயும் ஆள் பேரும் வருசமும் பிழையில்லாமல் போட்டிருக்கு. ஒரு பேரும் விடுபடேல்லை.

களவெடுக்கிற ஆள் பேர் போட்டுக் களவெடுக்காது. அப்ப எப்பிடி நடந்தது எண்டு பாக்க, அவவின்ர நோட்ஸ் ஃபைலைத் திறக்கச் சொன்னன். விசயம் அங்கதான் இருந்தது. வாசிச்ச பேப்பர்களில நல்லா இருந்த வசனங்களைக் கொப்பி பண்ணி ஒரு ஃபைலில ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறா, 23 பக்கம். எது பேப்பர்க்காரரின்ர வசனம், எது தன்ர வசனம் எண்டு குறிக்கேல்லை. மூண்டு கிழமையால கட்டுரை எழுத இருக்கேக்க அவவுக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியேல்லை. சில இடத்தில ரெண்டு சொல்லை மாத்தியிருக்கிறா, மாத்தினால் தன்ர வசனம் ஆகிடும் எண்டு நினைச்சிருக்கிறா.

ஏ.எல் படிக்கேக்க ரியூட்டரி நோட்ஸைப் பாடமாக்கி, சேர் சொன்ன அதே சொல்லு வர எழுதினால்தான் முழுப் புள்ளி. ஒரு சொல்லை மாத்தினாலும் மார்க்கிங் ஸ்கீமில இல்லை எண்டு வெட்டு விழும் எண்டு பயம். அந்தப் பழக்கத்தாலதான் இந்தப் பிள்ளை கம்பஸுக்கே எடுபட்டது. அதே பழக்கத்துக்கு அங்க வேற பேர்.

இன்னொண்டும் கண்டன், இதைத்தான் நான் இப்ப எல்லாப் பிள்ளையளுக்கும் காட்டுறது. கட்டுரையில ஒரு பந்தியில, ஒரு இடத்துக் கிணறுகளில நைட்ரேட் லீட்டருக்கு 12 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை 50, ஆகவே பாதுகாப்பு எண்டு போகுது. அந்த 12 வந்த பேப்பரைத் திறந்து பாத்தால், அவை அளந்தது நைட்ரேட்டில இருக்கிற நைதரசனை மட்டும். அந்த 50 எண்ட எல்லை முழு நைட்ரேட்டுக்கு. நைதரசன் கணக்கை நைட்ரேட் கணக்காக்க 4.43 ஆல பெருக்க வேணும், அப்ப 12 எண்டது 53, எல்லைக்கு மேல. அந்த எல்லை வைச்சதே புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தையளின்ர ரத்தம் ஒக்சிசன் கொண்டுபோக ஏலாமல் உடம்பு நீலம் பாய்ஞ்சு போற வருத்தம் வரக்கூடாது எண்டுதான். ரெண்டு பேப்பரில இருந்து ரெண்டு வசனத்தைத் தூக்கிப் பக்கத்தில பக்கத்தில வைச்ச உடனே, குடிக்கக் கூடாத தண்ணி குடிக்கலாம் எண்டு ஆகிப்போச்சு. இதைத் தன்ர கையால அளந்த பிள்ளை அவ, தானே யோசிச்சு எழுதியிருந்தால் அந்த இடத்தில கட்டாயம் நிண்டிருப்பா.

எடுத்த முடிவுகள், ஏன்

அந்த விடியக்காலமையே முதல் வேலையா மெயிலுக்குப் பதில் போட வைச்சன். நாலு வரி. பதில் போடப் பிந்தினதுக்கு மன்னிப்பு, கூட்டத்துக்கு வாறன், துணைக்கு ஒரு ஆளோட வருவன், அவ்வளவுதான். பெரிய விளக்கம் எழுத வெளிக்கிட்டவ, மறிச்சுப்போட்டன், பயத்தில எழுதிறதில தேவையில்லாத சொல்லு ஒண்டு கட்டாயம் வரும்.

ரெண்டாவது, அங்க மாணவர் யூனியனில ஆலோசனை சொல்லுற ஆக்கள் இருப்பினம், படிப்பிக்கிற பக்கத்தோட சேராத ஆக்கள், காசு இல்லை, அவையிட்டப் போகச் சொன்னன். போனவ. அந்த ஆலோசகர் இப்பிடி எத்தினையோ கேஸ் பாத்தவ, கூட்டத்துக்கும் கூட வந்து இருந்தவ. அறைக்குள்ள தன்ர பக்கம் ஒரு ஆள் இருக்கு எண்டதே பெரிய ஆறுதல் எண்டு பிள்ளை பிறகு சொன்னவ.

மூண்டாவது, எங்கட நாட்டில இப்பிடித்தான் படிப்பிக்கிறவை எண்டு அதையே சாட்டாகச் சொல்லுறதோ இல்லையோ எண்ட கேள்வி. வேண்டாம் எண்டு முடிவெடுத்தம். ஏனெண்டால் போன உடனே ரெஃபரன்சிங் பற்றி ஒரு ஒன்லைன் வகுப்பு இருந்தது, அவ அதைக் கிளிக் பண்ணி முடிச்சிருக்கிறா, வடிவாப் பாக்கேல்லை. சொல்லித் தரேல்லை எண்டு சொன்னால் அது உண்மை இல்லை. நடந்ததை அப்பிடியே சொல்லுறது, நோட்ஸ் ஃபைலை அதின்ர திகதியளோட கொண்டுபோய்க் காட்டுறது எண்டு தீர்மானிச்சம்.

நாலாவது முடிவு பிழை, அது என்ரது. வீட்டுக்கு இப்ப சொல்லாதேங்கோ, கூட்டம் முடியட்டும் எண்டு சொல்லிப்போட்டன். அப்பா பிரசர்காரர், வீணாப் பயப்படுத்தக் கூடாது எண்டு நினைச்சன். நடந்தது என்னெண்டால், அவவோட ஒரே வீட்டில இருக்கிற பிள்ளை தன்ர மாமிக்குச் சொல்ல, மாமி லண்டனில இருந்து எங்கட ஊர்ப்பக்கம் கோப்பாய்க்குச் சொல்ல, மூண்டாம் நாள் அப்பாவின்ர காதுக்குப் போகேக்க பிள்ளையைக் கம்பஸால கலைச்சாச்சாம் எண்டு போச்சு. அந்த மனிசன் சைக்கிளில நேர என்ர வீட்டுக்கு வந்தவர். வந்து வாசலிலயே நிண்டவர், உள்ள வரேல்லை.

"தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சும் எனக்குச் சொல்லேல்லை என்ன?"

நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லேல்லை, இருங்கோ எண்டு கதிரையைப் போட்டு, இருந்து முழுக்க விளங்கப்படுத்தினன். அவர் கேட்டுப்போட்டு ஒண்டுதான் கேட்டவர், பிள்ளை சாப்பிடுறாளோ எண்டு. அண்டைக்குப் பின்னேரம் அவர் பிள்ளையோட கதைச்சதுக்குப் பிறகுதான் அவ அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில முதல் தரம் நித்திரை கொண்டவ.

கூட்டம்

டிசம்பர் நடுப்பகுதியில, முக்கால் மணித்தியாலம். மூண்டு பேர் இருந்தவை. நான் இல்லைத்தானே, பிள்ளை சொன்னதை எழுதுறன்.

நோட்ஸ் ஃபைலைப் பாத்திருக்கினம். பிறகு அதில ஒரு அம்மா, சுண்ணாம்புக் கல் பந்தியைக் காட்டி, பேப்பரைப் பாக்காமல் இதை உங்கட சொல்லில எனக்கு விளங்கப்படுத்துங்கோ எண்டிருக்கிறா. இவ முதல் திக்கினவ, பிறகு ஒரு தாள் கேட்டு வாங்கிக் கீறியிருக்கிறா. வீடு, முத்தம், கிணறு, கிணத்துக்கு அங்கால மலசலகூடக் குழி, அதுக்கு அங்கால வெங்காயப் பாத்தி, மெசினில இருந்து வாற வாய்க்கால், கீழ கல்லில வெடிப்பு. மாரி மழை வந்தால் தண்ணி எந்தப் பக்கம் இறங்கும் எண்டு அம்புக்குறி போட்டுப் போட்டுச் சொல்லியிருக்கிறா, தன்ர புறொஜெக்டில எந்தக் கிணத்தில கூட வந்தது, அது ஏன் எண்டும். பத்து நிமிசம் நிப்பாட்டாமல் கதைச்சிருக்கிறா.

அந்த அம்மா கேட்டது, "இது ஏன் கட்டுரையில இல்லை?"

பிள்ளை சொன்ன பதில், "அது எங்கட வீட்டுக் கதை, ரிசேர்ச் இல்லை எண்டு நினைச்சன்."

முடிவு ஒரு கிழமையால வந்தது. வேணுமெண்டு செய்த மோசடி எண்டு எடுக்கேல்லை, பலவீனமான எழுத்துமுறை எண்டு பதிஞ்சினம். கட்டுரையைத் திருப்பி எழுத வேணும், எவ்வளவு நல்லா எழுதினாலும் 50க்கு மேல போடமாட்டினம், எழுத்துத் திறன் வகுப்பு நாலுக்குக் கட்டாயம் போக வேணும், இன்னொருக்கா நடந்தால் கடுமையா இருக்கும். நியாயமான முடிவு எண்டுதான் நான் நினைக்கிறன். சில யுனிவர்சிட்டியளில இதே கட்டுரைக்கு இன்னும் இறுக்கமான முடிவு வந்திருக்கலாம்.

பிறகு நடந்தது

ஜனவரியில அடுத்த கட்டுரை. பயம் போகேல்லை, இப்ப பயம் வேற வழியில வேலை செய்தது. கூடப் படிக்கிற ஒரு பெடியன், பேப்பர் வசனத்தைப் போட்டால் சொல்லுகளை மாத்தித் தாற ஒரு சொஃப்ட்வெயரைக் காட்டியிருக்கிறான், டேர்னிட்டின்ல பிடிபடாது எண்டு. அவ ரெண்டு பந்தியை அதில போட்டு எடுத்து, இது பரவாயில்லையோ எண்டு எனக்கு அனுப்பினவ. வாசிச்சன். நிலத்தடி நீர் எண்டு வரவேண்டிய இடத்தில எல்லாம் மண்ணுக்குள்ள கிடக்கிற திரவம் எண்டு அர்த்தம் வாற ஒரு சொல்லு. அந்தத் துறையில ஒரு ஆளும் பாவிக்காத சொல்லு, வாசிக்கிற லெக்சரருக்கு முதல் பந்தியிலயே விளங்கிடும். கோபம் வந்தது எனக்கு, ஆனா ஏசேல்லை. முந்தி நீ அடுத்தவையின்ர வசனத்தைப் பேர் போட்டு எடுத்தாய், இது அதே வசனத்தை முகமூடி போட்டு எடுக்கிறது, முந்தினது பிழை, இது களவு எண்டு மட்டும் சொன்னன். அழிச்சவ.

அதுக்குப் பதிலா ஒரு முறை பிடிச்சம், இதுதான் கடைசி வரைக்கும் நிண்டது. ஒரு பேப்பர் வாசிச்சு முடிச்ச உடனே மூடிப்போட்டு, அதில என்ன இருக்கு எண்டு தமிழில எனக்கு வாட்சப்பில வொய்ஸ் அனுப்ப வேணும், ரெண்டு நிமிசத்துக்குள்ள, அப்பாவுக்குச் சொல்லுற மாதிரி. பிறகு அந்த வொய்ஸைத் தானே கேட்டு, அதில இருந்து இங்கிலீசில எழுத வேணும். பேப்பரைத் திரும்பத் திறக்கிறது நம்பர் சரி பாக்கவும் அலகு சரி பாக்கவும் மட்டும். நோட்ஸ் எழுதுற கொப்பியில நடுவில கோடு, இடப்பக்கம் அவை சொன்னது, வலப்பக்கம் நான் நினைக்கிறது, இடப்பக்கத்தில சொல்லுக்குச் சொல் எடுத்தால் மேற்கோள் குறியும் பக்க நம்பரும் அந்த நேரமே. முதல் கிழமை வலப்பக்கம் வெறுமையாத்தான் கிடந்தது. என்ன நினைக்கிறது எண்டு தெரியேல்லை அண்ணா எண்டா. ரெண்டாம் கிழமை ஒரு பேப்பருக்குப் பக்கத்தில, இவை மழைகாலத்தில மட்டும்தான் அளந்திருக்கினம், எங்கட இடத்தில கோடையில இறைப்புக் கூடின நேரம் வேற மாதிரி இருக்கும் எண்டு ஒரு வரி. அந்தக் கொப்பிப் பக்கத்தின்ர படம் இப்பவும் என்ர போனில கிடக்கு.

இங்கிலீஸ் கொஞ்சம் முரடாத்தான் வந்தது, வசனம் சின்னன் சின்னனா. நான் திருத்தேல்லை. கைவைக்காமல் இருக்கிறது எனக்குத்தான் கஸ்ரமா இருந்தது. எழுத்துத் திறன் வகுப்பில இருந்த ஆள் அவவோட இருந்து பாத்தவர். அந்தக் கட்டுரைக்கு 61.

டிசர்டேஷன், அதாவது கடைசியில செய்யிற பெரிய ஆய்வறிக்கை, முழுப் படிப்பில மூண்டில ஒரு பங்கு, 180 கிரெடிட்டில 60. அதில ஒரு இடத்தில தடக்குப்பட்டது. சுப்பர்வைசர் அவவின்ர திட்டத்தைப் பாத்திட்டு, மாதிரி எடுக்கிற கிணறுகளின்ர எண்ணிக்கையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாக்க விரும்பலாம் எண்டு எழுதியிருக்கிறார். இவ, விரும்பலாம் எண்டுதானே சொல்லியிருக்கிறார், கட்டாயம் இல்லை எண்டு விட்டிட்டா. அங்கத்தைய இங்கிலீசில அதுக்கு அர்த்தம், மாத்து எண்டது. மூண்டு கிழமை வீணாப்போனது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு சந்திப்பு முடிய, நான் விளங்கிக்கொண்டது இது, சரியோ எண்டு மூண்டு வரி மெயில் போடத் துவங்கினவ. சுப்பர்வைசருக்கு அது நல்லாப் பிடிச்சிருக்கு, பிறகு மற்றப் பிள்ளையளையும் அப்பிடிச் செய்யச் சொன்னவராம். இன்னொண்டு, மாஸ்டர்ஸில டிசர்டேஷன் செய்யிற கோடை மாதங்களை லீவு எண்டு நினைச்சு முழு நேரம் வேலைக்குப் போறவை இருக்கினம், அது அனேகமாப் படிப்புக் காலக் கணக்குத்தான், அந்த 20 மணித்தியாலம் அப்பவும் 20தான். இவவும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தவ, யுனிவர்சிட்டியைக் கேக்கச் சொல்லிக் கேட்டபடியால் தப்பினது.

டிசர்டேஷன் முதல் அத்தியாயம் தேத்தண்ணிப் படலத்தில துவங்குது. நான் வெட்டின அதே வரி. சுண்ணாம்புக் கல்லால தண்ணி வன்மை, அதாலதான் அந்தப் படலம், அதே கல்லுக்குள்ளாலதான் நைட்ரேட்டும் இறங்குது எண்டு கொண்டுபோயிருக்கிறா. 66 கிடைச்சது.

முடிவு

மொத்தம் 59. மெரிட்டுக்கு ஒரு புள்ளி காணாது. திருப்பி எழுதின முதல் கட்டுரை 62க்குரிய தரம் எண்டு ஃபீட்பாக்கில இருந்தது, ஆனா பதிஞ்சது 50, அந்த வித்தியாசம்தான் அந்த ஒரு புள்ளி எண்டு நாங்கள் கணக்குப் பாத்தம். அப்பாவுக்குச் சொன்னபோது, அப்ப C தானோ எண்டு கேட்டவர், பிறகு பிள்ளை கணக்கை விளங்கப்படுத்த, சரி அது உன்ர C தானே எண்டவர். பிஎச்டிக்கு ரெண்டு இடம் போட்டவ, ரெண்டும் வரேல்லை, ஒண்டில மெரிட் கேட்டிருந்தது. இப்ப படிப்புக்குப் பிறகு அவவுக்குக் கிடைச்ச ரெண்டு வருச விசாவில ஒரு தண்ணிப் பரிசோதனை லாப்பில வேலை. நகை மீண்டாச்சு. காணி இன்னும் ஈட்டில.

இப்ப என்ன மாத்தியிருக்கிறன்

தன்விளக்கக் கடிதத்தை நான் இப்ப திருத்தி எழுதிறேல்லை. கேள்விதான் கேப்பன், இது எப்ப நடந்தது, ஆர் சொன்னது, நீ என்ன செய்தனீ எண்டு, பதிலை அவையே எழுதட்டும். ரெண்டு பேர் இதால என்னை விட்டிட்டு காசுக்கு எழுதிக் குடுக்கிற இடத்துக்குப் போட்டினம், எனக்குக் கவலைதான், ஆனா திரும்ப அப்பிடிச் செய்யமாட்டன்.

போக முதல் ஆகஸ்டில ரெண்டு நாள் இருத்தி எழுத வைக்கிறன். ஒரு பேப்பரில இருந்து ஒரு பந்தி வாசிக்கிறது, மூடுறது, பக்கத்தில இருக்கிற ஆளுக்குத் தமிழில சொல்லுறது, பிறகு இங்கிலீசில எழுதுறது. அந்த 12ம் 50ம் கணக்கைப் பலகையில போட்டு, எங்க பிழை எண்டு கண்டுபிடிக்க விடுறன், இதுவரைக்கும் ஒருத்தரும் முதல் தரத்தில பிடிக்கேல்லை. மார்க்ஸ் கணக்கு, செமினாரில முதல் மாசத்துக்குள்ள ஒருக்காலாவது வாய் திறக்க வேணும் எண்டது, மெயில் வந்தால் 24 மணித்தியாலத்துக்குள்ள ரெண்டு வரியாவது பதில் எண்டது, எல்லாம் அதில சொல்லுறன்.

வீட்டுக்குச் சொல்லாதே எண்டு இனி ஒரு பிள்ளைக்கும் சொல்லமாட்டன். ரெண்டாம் நாள் பின்னேரம் தாய் தேப்பன்மாரையும் கூப்பிட்டு அரை மணித்தியாலம் கதைக்கிறன், இப்பிடி ஒரு மெயில் வரலாம், வந்தால் உடனே கலைச்சுப்போட்டாங்கள் எண்டு அர்த்தம் இல்லை, அதுக்குப் படி படியா முறை இருக்கு எண்டு. கடைசியா வைச்சதில ஒரு ஐயா பின் வாங்கில இருந்து கை உயத்தி, அப்ப அந்தக் கடிதம் எங்களுக்கும் ஒரு கொப்பி வருமோ தம்பி எண்டு கேட்டவர். வராது ஐயா, 18 வயசுக்கு மேல, பிள்ளைக்கு மட்டும்தான் போடுவினம், பிள்ளை சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும் எண்டன். அவர் திரும்பிப் பக்கத்தில இருந்த மகளைப் பாத்தவர். அவ தலையை ஆட்டினவ.